பரண் மேலே சௌந்தரராஜன்

எங்கள் ஊரில் இராத்திரியில் வருகிறவை மூன்று: யானை, நுளம்பு, கவலை. யானைக்கு வெடி இருக்கிறது. நுளம்புக்குச் சுருள் இருக்கிறது. கவலைக்கு டி.எம்.சௌந்தரராஜன் இருக்கிறார். மூன்றில் எதை நம்பலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சௌந்தரராஜனைத்தான் சொல்வேன். வெடி நனைந்துபோகும், சுருள் பாதியில் முறியும். அவர் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

எலுவன்குளம் தெரியாதவர்களுக்காக: புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய பாதையில் வடக்கே வந்தால் கலாஓயா குறுக்கிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வில்பத்துக் காடு. அந்தக் காட்டை 1938 இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். அதற்கு எல்லை உண்டு என்ற அறிவித்தல் யானைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதனால் என் சோளத்தையும் கச்சானையும் பூங்காவின் ஒரு பகுதி என்றே அவை நினைத்துக்கொண்டிருக்கின்றன. விளைச்சல் காலத்தில் நான் பரணில் படுக்கிறேன். படுக்கிறேன் என்பது பேச்சுக்கு. நித்திரை கொண்டால் விடியும்போது சோளம் இருக்காது.

பரணில் தனியே இருப்பவனுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கணக்கு வழக்கெல்லாம் ஞாபகம் வரும். கூட்டுறவுக் கடன், பெரியவளின் டியூசன் காசு, உர விலை, போன வருசம் பெரிய வெங்காயத்துக்குப் புத்தளம் சந்தையில் சொன்ன விலை. பகலில் இவையெல்லாம் எங்கே போய் ஒளிந்திருக்குமோ தெரியாது. அந்த நேரத்தில் போனில் ஒரு பழைய சோகப் பாட்டைப் போட்டுவிட்டு நானும் கூடப் பாடுவேன். பாடி முடிக்கும்போது கடன் அப்படியேதான் இருக்கும். ஆனால் கடன்காரன் கொஞ்சம் தள்ளி நிற்பான்.

இது என் கண்டுபிடிப்பல்ல. சேனைக் காவலில் பாடுவதற்கென்றே சிங்கள விவசாயிகள் ஒரு பாட்டு வகை வைத்திருக்கிறார்கள். ‘பெல் கவி’ என்பார்கள். இழுத்து இழுத்துப் பாடுவது. நித்திரை வரக்கூடாது, மிருகம் கிட்ட வரக்கூடாது, தனிமையும் தெரியக்கூடாது. மூன்றுக்கும் ஒரே பாட்டு. தெற்கே உடப்பில் கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு இருக்கிறது. அந்தக் கனத்தைப் பாடாமல் இழுத்துப் பார்த்தவன், பாட்டு எதற்கு என்று கேட்கமாட்டான். ஆக, வேலையும் வேதனையும் இருக்கிற இடத்திலெல்லாம் நம் ஆட்கள் பாட்டைத்தான் முதலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தேத்தண்ணீர் பிறகு வந்தது.

என் சிக்கல் அடுத்த தோட்டத்து நானா. அவருக்கும் பரண் உண்டு, அவருக்கும் கவலை உண்டு, ஆனால் அவருடைய மருந்து வேறு: முகம்மது ரஃபி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. ஒரு நாள் கேட்டேன், ஹிந்தி தெரியுமா என்று.

“ஒரு சொல்லும் வெளங்காது மச்சான்.”

“பிறகு என்னத்துக்குக் கேட்கிறீங்க?”

“வீட்டுச் சாமானெல்லாம் விட்டுட்டு வந்தோம். ரஃபி சாஹிப் மட்டும் தானாவே கூட வந்தார். வந்த மனுசனைப் போகச் சொல்ல ஏலுமா?”

அதற்குமேல் என்ன பேச முடியும்? என்றாலும் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் சௌந்தரராஜனும் அந்தப் பக்கம் ரஃபியும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால், நடுவில் நிற்கிற யானையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். யானைக்குச் சில சத்தங்கள் ஒத்துக்கொள்ளாது என்று ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளரின் குழு தேனீக்கள் கலைந்து இரைகிற சத்தத்தைப் பதிவு செய்து யானைக் கூட்டங்களுக்குப் போட்டுக் காட்டியது. பெரும்பாலானவை இடத்தைக் காலி பண்ணிவிட்டன. 2007 இல் வெளிவந்த ஆய்வு அது. நம் நாட்டிலும் வஸ்கமுவப் பக்கம் தேன்கூடுகளைத் தொங்கவிட்டு வேலி கட்டிப் பார்த்தார்கள். இதை நான் நானாவிடம் விளக்கமாகச் சொன்னேன். “தேனீக்கு எதுக்கு மச்சான் காசைக் கொட்டுற? ஒங்கட தொண்டை ஒண்டே போதும்” என்றார்.

வீட்டிலும் என் தொண்டைக்கு மரியாதை அவ்வளவுதான். சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் போய்ப் பாடினார், வயிற்று வலி தீர்ந்தது என்று ஒரு நாள் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். “அவர் பாடித் தீர்ந்தது. நீங்க பாடினா எனக்குத் தொடங்குது” என்றாள். அவளுக்கு பி.சுசீலா. வீட்டுக்குள் நுழைகிறபோது குசினியிலிருந்து சுசீலாவின் காதல் பாட்டு வந்தால் நான் தைரியமாகப் போவேன். தாலாட்டு வந்தால் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல். பாட்டே இல்லாமல் சட்டி மட்டும் சத்தம் போட்டால், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்திக் கடைக்குப் போய்விடுவேன்.

சோகத்துக்குச் சோகப் பாட்டா, ஏன் சந்தோசமாக ஒன்றைக் கேட்கக்கூடாது என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். கடன் கழுத்தை நெரிக்கிறபோது ஒருத்தன் உற்சாகமாகத் துள்ளிப் பாடினால் அவன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. நமக்குத் தேவை, நம்மைவிட மோசமான நிலையில் இருக்கிற ஒருவர், அதைச் சுருதி தப்பாமல் சொல்வது. அறுபதுகளின் தமிழ்ப் படங்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. 1961 இல் ‘பாலும் பழமும்’, கதாநாயகன் டொக்டர். 1962 இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, கதையே ஆஸ்பத்திரிக்குள். இரண்டுக்கும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. நோயாளியும் பாடுவார், டொக்டரும் பாடுவார். இப்போதைய ஆஸ்பத்திரியில் பாடினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து அழுதுவிட்டு வந்த எங்கள் அம்மாவின் தலைமுறை, மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல் நெல் அவிக்கப் போனது.

அம்மாவுக்குப் பாட்டு வந்த வழி இலங்கை வானொலி. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தொடங்காவிட்டால் பற்றரி போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துவோம். ‘நீங்கள் கேட்டவை’க்கு அம்மா தபாலட்டை எழுதுவாள். பாட்டு மூன்று நிமிசம், அதைக் கேட்டவர்களின் பெயர் நான்கு நிமிசம். ஒரு முறை எலுவன்குளம் என்ற பெயர் வானொலியில் வந்துவிட்டது. அன்றைக்கு என்ன பாட்டுப் போட்டார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, பெயர் வந்த சந்தோசத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம்.

அம்மா செத்தபோது ரேடியோவைத் துணியால் மூடி வைத்தார்கள். முப்பத்தோராம் நாள் முடியும்வரை செத்த வீட்டில் பாட்டுக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் யாரோ, அவருடைய வீட்டில் ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள். மருந்து மிக அவசியமான நாளில் மருந்துப் பெட்டியைப் பூட்டிவிடுகிறோம். அடுத்த தோட்டத்து நானாவும் மரியாதைக்கு ரஃபியை நிறுத்திவிட்டார். ஊரே அமைதியாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. சாமான் வாங்குவது, பந்தல்காரனுக்குக் காசு கொடுப்பது, வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போடுவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். பெரியம்மா மற்றவர்களிடம் என்னைக் காட்டி, கல்நெஞ்சுக்காரன் என்று சொன்னதும் காதில் விழுந்தது.

காரியம் முடிகிற கிழமையில் புத்தளத்தில் பச்சரிசியும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். பஸ்ஸில் பைலா. எங்கள் பாதையில் ஓடுகிற தனியார் பஸ்களில் வேறென்ன போடுவார்கள்? பொலிஸ்காரராக இருந்துகொண்டே பைலாவை வளர்த்த வொலி பஸ்தியனின் காலத்துப் பாட்டு. யாரையோ கேலி செய்கிற, தாளத்துக்குத் தொடை தானாக ஆடுகிற பாட்டு. அம்மா கச்சான் உடைக்கும்போது அதைத்தான் பாடுவாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை, ஆகவே சொற்களில் பாதி அவளே செய்தவை. பஸ்ஸில் சரியான சொற்களோடு அந்தப் பாட்டு வந்தபோது, அம்மாவின் பிழையான சொல் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவுதான். மடியில் பச்சரிசியை வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கப் பைலாவுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க, நான் குலுங்கிக் குலுங்கி அழுகிறேன்.

கொண்டக்டர் தம்பி பதறிப்போய் வந்தான். “ஏன் அண்ணே, மிச்சக் காசு தரல்லையா நான்?”

இல்லை என்று தலையாட்டினேன். அவன் நம்பவில்லை. நூறு ரூபாய்த் தாள் ஒன்றை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனான். பெரியம்மாவுக்கு இந்தச் செய்தி எப்படியாவது போய்ச் சேரவேண்டும் என்று மட்டும் அன்றைக்கு ஆசைப்பட்டேன்.

பாட்டுக்குச் சொல் தேவையில்லை என்று நானா சொல்லாமல் சொன்னதை நான் நம்பியது அதற்குப் பிறகுதான். இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சத்தவர்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வந்தவர்களெல்லாம் படைக்கும் வேலைக்கும் கப்பலேற்றிக் கொண்டுவந்த மக்களின் பேரப்பிள்ளைகள். இன்றைக்கு அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். ஆனால் ‘மஞ்ஞா’ என்று அவர்கள் பாடுகிற பாட்டுகள் பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் இருக்கின்றன. பாடுகிறவர்களுக்கே பல சொற்கள் விளங்காது. பாட்டிமாரிடம் கேட்டபடி மனப்பாடம். சில வரிகள்தான், மெதுவாகத் தொடங்கித் திரும்பத் திரும்ப வந்து, றபானும் போத்தலும் கரண்டியும் சிரட்டையும் சேர்ந்து, வேகம் ஏறி, கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களும் எழும்பி ஆடுகிறார்கள். ஊரைப் பிடுங்கினார்கள், பெயரைப் பிடுங்கினார்கள், மொழியும் மெல்லப் போய்விட்டது. பாட்டு போகவில்லை. நாட்டில் ஒரு கல்யாண வீட்டையும் விடாமல் ஆட்டி வைக்கிற பைலாவின் வேரில் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் என்னை அழவைத்தது ஒருவகையில் அவர்களுடைய சொத்து.

விஞ்ஞானிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். 2015 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 70க்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றுதிரட்டி, ஏறக்குறைய 7,000 நோயாளிகளைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், சத்திரசிகிச்சைக்கு முன்போ பின்போ பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மயக்க மருந்தில் கிடக்கிறபோது போட்டாலும் பலன் இருந்ததாம். என்ன பாட்டு என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அவர்கள் என்னைச் சோதிக்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது 2011 இல் கனடாவின் மொன்றியலில் செய்த ஆராய்ச்சி. ஆட்களை அவர்களுக்குப் பிடித்த இசையைக் கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். உடம்பு சிலிர்க்கிற இடத்தில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது எதிர்பார்த்ததுதான். அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கிற சில விநாடிகளிலும், மூளையின் இன்னொரு மூலையில் அது சுரக்கிறது. தெரிந்த பாட்டு ஏன் தெரியாத பாட்டைவிட ஆறுதல் தருகிறது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? கடனும் யானையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வாழ்க்கையில், அடுத்து என்ன வரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே சங்கதி அந்தச் சரணம்.

வில்பத்து ஓரத்தில் போன் சிக்னல் என்பது யானையைப் போல நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் மூளை காத்திருக்கும், டோபமின் சுரக்கத் தொடங்கும், சரணத்துக்கு ஒரு விநாடி முன் பாட்டு நின்று வட்டம் சுற்றும். அதற்காகப் பழையபடி சின்ன ரேடியோவுக்குத் திரும்பினேன். அங்கே இன்னொரு தொல்லை. இப்போதைய எஃப்.எம். அறிவிப்பாளர்களுக்கு மௌனம் என்றால் பயம். முன்னிசை முழுக்கப் பேசுகிறார்கள். பல்லவி முடிகிற இடத்தில் சிரிக்கிறார்கள். சரணத்தைத் தொடமுன்பே வெட்டிவிட்டுப் பற்பசைக்குப் போகிறார்கள். அன்றைய இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா பேசிய வேகத்துக்கு இவர்கள் கிட்டவும் வரமாட்டார்கள். பி.எச்.அப்துல் ஹமீதின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பேச்சு வேண்டாம் என்று சொல்கிற சாதி அல்ல. ஆனால் அவர்கள் பேசிமுடித்துவிட்டுப் பாட்டைப் பாட விட்டார்கள்.

ஆகவே அறிவிப்பாளத் தம்பி தங்கச்சிமாரே, இரவு பத்து மணிக்குப் பிறகாவது பாட்டை முழுதாகப் போடுங்கள். முன்னிசையில் பேசாதீர்கள். விளம்பரம் வேண்டுமென்றால் பாட்டு முடிந்தபின் பத்து நிமிசம் போடுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். எப்படியும் விடியும்வரை முழித்திருக்கத்தானே வேண்டும்.