ஜரிகை போன கதை

நான் எடுத்த கல்யாண வீடியோக்களில் இருட்டு சும்மா இருக்காது. கருப்பாகக் கிடக்கவேண்டிய மூலையெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பொரிந்துகொண்டே இருக்கும். தொழில்காரர்கள் இதை நாய்ஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் ‘புள்ளி’. “இவன் எடுத்ததா? அப்ப புள்ளி இருக்கும்” என்று டிவியைப் போடும் முன்பே சித்தி சொல்லிவிடுவார்.

சம்பளத்துக்கு நான் பார்ப்பது வேறு வேலை. வீடியோ, சொந்தக்காரர்கள் தலையில் நானாக ஏற்றிவைத்த சேவை. காசு வாங்குவதில்லை என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று காசு கொடுத்து இன்னொருவரையும் வரச்சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் பழியை ஐஎஸ்ஓ மேல் போட்டேன். ஐஎஸ்ஓ ஏறினால் நாய்ஸ் வரும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, விடிகாலை முகூர்த்தத்தை 400-இலேயே எடுத்தேன். கேமராத் திரையில் ஹோமத் தீ மட்டும்தான் தெரிந்தது. எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தூக்கினேன். மாப்பிள்ளைக்கு முன்பாகப் புள்ளிகள் எழுந்து வந்தன, அவற்றின் பின்னால் சுவர் கட்டம் கட்டமாக வந்தது. இருட்டில் இருந்த விவரத்தையெல்லாம் பதியும்போதே கேமரா சுருக்கித் தூக்கியெறிந்திருந்தது.

ஐஎஸ்ஓ பாவம், வந்த சிக்னலைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். பெரிய குறை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒளி சென்சாரில் ஃபோட்டான்களாக, ஒழுங்கில்லாமல் விழுகிறது. தூறலில் மொட்டைமாடியில் இரண்டு டம்ளர் வைத்தால் ஒன்றில் ஐந்து சொட்டு விழும், இன்னொன்றில் ஒன்பது. அடைமழையில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் 100, நூற்றுக்கு ஒன்றுதான். ஆகவே வேண்டியது வெளிச்சம். இந்தக் கணக்கு புரிந்த பிறகு நான் செய்த காரியம், லென்ஸ் வாங்கியது.

கேமராவோடு வந்த லென்ஸ் எஃப் 3.5, வாங்கியது எஃப் 1.8. கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளி. புள்ளி குறைந்தது உண்மை. ஆனால் அவ்வளவு திறந்த லென்ஸில் ஃபோகஸ் நிற்கிற இடம் நூலளவு. தாலி கட்டும் நேரத்தில் அது, பின்னால் உட்கார்ந்திருந்த தவில்காரர் விரலில் மாட்டியிருந்த கூட்டில் போய் நின்றது. அவ்வளவு துல்லியமாக வேறெதையும் நான் எடுத்ததில்லை.

அடுத்து மென்பொருள். நீட் வீடியோ, டாவின்ச்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பு போன்றவற்றில் இரண்டு வழி உண்டு. அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, அசையாத இடத்தில் சராசரி எடுப்பது ஒன்று. ஒரே ஃபிரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்து மழுப்புவது மற்றது. முதல் வழி அருமையானது, நான்கு ஃபிரேம் சேர்ந்தால் நாய்ஸ் பாதியாகும். ஆனால் கல்யாணத்தில் அசையாமல் நிற்பது வாழைமரம் மட்டும்தான். அட்சதை தூவியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு கை முளைத்தது. அதனால் இரண்டாவதை எட்டிய மட்டும் தள்ளிவிட்டு, ரெண்டரிங்கை ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் படம் சுத்தம். முகங்களில் ஒரு சுருக்கம், ஒரு மரு கிடையாது. பெரியப்பாவுக்கு எழுபது வயது என்று யாரும் சொல்ல முடியாது. அது பெரியப்பாதான் என்றும் சொல்ல முடியாது. சித்திக்கு முதலில் சந்தோஷம். பிறகு டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “டேய், என் புடவை ஜரிகை எங்கடா?” காஞ்சிபுரம் பட்டு, உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஜரிகைப் புட்டா. மென்பொருளுக்குப் புட்டாவும் புள்ளிதான். துடைத்துவிட்டது. அந்தப் புடவை என்ன விலை என்று அன்று சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குத் தனியாக அழைத்துச் சொன்னார்கள்.

நாய்ஸ் போன இடத்துக்கு இன்னொன்று வந்தது. மேடைக்குப் பின்னால் மெல்ல மங்கவேண்டிய ஊதா வெளிச்சம் பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றது. 8-பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு அதிகபட்சம் 256 படிகள். படிகளின் விளிம்பை அதுவரை மறைத்து வைத்திருந்தது நான் திட்டித் தீர்த்த நாய்ஸ்தான். கொஞ்சம் கிரெயின் போடுங்கள் என்றார் எடிட்டிங் தெரிந்த நண்பர். காசு கொடுத்து எடுத்த புள்ளியை இன்னொரு ஸ்லைடரை நகர்த்தித் திரும்பப் போட்டேன்.

இத்தனை செய்தவன் ஒரு விளக்கைக் கொண்டுபோயிருக்கலாமே? கௌரவம் விடவில்லை. 90-களின் வீடியோக்காரர் 1000 வாட் ஹாலஜனை ஒரு பையன் கையில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். மணமக்கள் வியர்ப்பார்கள், பந்தியில் இருப்பவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு முழிப்பார்கள். வீட்டுப் பழைய கேசட்டைப் போட்டு நான் சிரித்திருக்கிறேன். நான் இயற்கை ஒளி ஆள். (மண்டபத்தில் இயற்கை ஒளி என்பது ஜெனரேட்டரில் எரியும் சீரியல் செட்.) அந்த மங்கலான கேசட்டிலும் தன் கல்யாணப் புடவையில் ஜரிகை மின்னுவதைச் சித்தி நிறுத்திக் காட்டினார்.

அடுத்த கல்யாணத்துக்கு எல்இடி பேனல் ஒன்று வாங்கினேன். நேரே அடித்தால் கண் கூசும் என்று சுவரில் அடித்துத் திரும்பவிட்டேன். ‘அபராஜிதோ’ (1956) படத்துக்கு காசி வீட்டு முற்றத்தை செட் போட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் அடித்து ஒளிப்பதிவு செய்தாரே சுப்ரதா மித்ரா, அவர்தான் மனதில் இருந்தார். அவருக்கு வெள்ளைத் துணி. எனக்கு வாய்த்தது மண்டபத்தின் வெளிர்பச்சைச் சுவர்.

புள்ளி மருந்துக்கும் இல்லை. ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வெளிர்பச்சை முகத்தோடு மிகத் தெளிவாக நிற்கிறார்கள். கலர் திருத்திக்கொண்டிருக்கிறேன். சித்தி போன் செய்தால் எடுப்பதில்லை.