சந்தா கட்டி நடக்கும் காடு

 ஜெர்மனியிலிருந்து எழுதப்படும் இக்கடிதம், ‘லீவு விட்டால் ஜெர்மன்காரர்கள் என்னதான் செய்வார்கள்?’ என்று மலேசியாவின் செமோரிலுள்ள பெரியப்பா சென்ற முறை கேட்ட கேள்விக்கு விடையாக அமைகிறது. விடை ஒரே சொல்தான்: நடப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் சங்கம், சட்டம், சந்தா, சாயக்குறி, பருவத்துக்கொரு உடுப்பு ஆகிய யாவும் அடங்கிக் கிடப்பதால் சற்று விரித்தே சொல்ல வேண்டியுள்ளது.

ஜெர்மனியின் மேற்கே நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில், காடும் குன்றுமாகக் கிடக்கும் தென்கிழக்குப் பகுதிக்குச் சவர்லாந்து என்று பெயர். ‘சவர்’ என்றால் அம்மொழியில் புளிப்பு என்று பொருள்படும் என்றாலும், புளிச்சோற்றுக்கும் இந்நிலத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ‘ஆயிரம் மலைகளின் நாடு’ என்று இதைப் பெருமையாக அழைக்கிறார்கள்; அந்த ஆயிரத்துள் புகழ்பெற்ற காலர் ஆஸ்டனின் உயரம் 842 மீட்டர், அதாவது செமோருக்கு அருகே ஈப்போவாசிகள் காலை நடைக்கு ஏறி இறங்கும் கிளெடாங் குன்றைவிடச் சற்றே கூடுதல். செமோருக்குக் கிழக்கே 2,183 மீட்டரில் நிற்கும் கோர்பு மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது மலையா மேடா என்ற ஐயம் எழுவது இயல்பே என்றாலும், அதை இங்கே வாய்விட்டுச் சொல்லுவது நாகரிகம் ஆகாது. இப்பகுதிக்கு வடக்கே உள்ள ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருப்பதும், தேர்த்திருவிழாவின்போது அம்பாள் அங்குள்ள கப்பல் கால்வாயில் தீர்த்தமாடுவதும், ‘அங்கே கோயில் உண்டா?’ என்ற பெரியம்மாவின் கவலையைப் போக்கக்கூடிய செய்திகள்.

ஜெர்மானியர் இந்த நடையை ‘வாண்டர்ன்’ என்கிறார்கள். கடைக்கோ வேலைக்கோ போகும் நடை இதில் சேராது. போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், முதுகில் பையும் கையில் வரைபடமுமாகக் காட்டுக்குள் சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதைத்தான் அச்சொல் குறிக்கிறது. இதற்கென்றே 1891இல் சவர்லாந்து மலைச் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர்கள் சந்தா கட்டுவதோடு நில்லாமல், வழி தவறாதிருக்க மரப்பட்டைகளில் வெள்ளைச் சாயத்தால் பெருக்கல் குறி போன்ற அடையாளங்களைத் தாங்களே தீட்டியும் வருகிறார்கள். பிரிலோன் ஊரிலிருந்து டில்லன்பர்க் வரை மலைமுகட்டை ஒட்டியே 154 கிலோமீட்டர் செல்லும் ரோத்தார் நடைவழி 2001இல் திறக்கப்பட்டது. நடந்து களைத்த பிள்ளைகள் மலிவாகத் தங்கும் ‘இளையோர் விடுதி’ என்ற ஏற்பாடும், ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியரின் முயற்சியால் 1912இல் இப்பகுதியின் அல்டேனா கோட்டையில்தான் தொடங்கி உலகெங்கும் பரவிற்று.

ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பும் சிரிப்பும் ஒருசேர வருவதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில் வரிசையில் நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, ஒரே காலையில் நானூறு ஐந்நூறு பால்மரங்களைச் சீவி, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களை மறுசுற்று சுற்றி வந்த பாட்டனார் ஆண்டு முழுவதும் வாண்டர்ன் செய்தவரே. அவருக்குக் கூலி கொடுத்தார்கள், இவர்கள் சந்தா கட்டுகிறார்கள் என்பதே வேறுபாடு. மழை வந்தால் பால் வெட்டு இல்லை என்று லயத்துப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்து மகிழ்ந்ததற்கு மாறாக, ‘கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, தவறான உடைதான் உண்டு’ என்று ஜெர்மானியர் பழமொழி சொல்லி, கொட்டும் மழையிலும் கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் இப்படிக் கிளம்புவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1963இல் வந்த விடுமுறைச் சட்டத்தின்படி, வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு இன்று ஆண்டுக்குக் குறைந்தது 24 நாள் ஊதியத்துடன் ஓய்வு உண்டு. வியாழக்கிழமை பொது விடுமுறை வந்தால், வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் லீவு போட்டு நான்கு நாளாக இணைத்துக்கொள்வார்கள். அந்த வெள்ளிக்குப் ‘பாலநாள்’ என்று பெயர். 1975ஆம் ஆண்டின் வனச் சட்டமோ, ஓய்வுக்காக எவரும் காட்டுக்குள் செல்லலாம் என்கிறது. காடு தனியாருடையதாக இருந்தாலும் அவ்வுரிமை பொருந்தும். துரையின் மரத்தடியில் காரணமின்றி நின்றால் கங்காணிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த வரலாற்றோடு ஒப்பிட்டால், இச்சட்டத்தின் அருமை விளங்கும்.

இனிப் பருவங்களைப் பார்க்கலாம். பனிக்காலத்தில் விண்டர்பர்க் ஊரை நோக்கிப் பக்கத்து நெதர்லாந்துக்காரர்கள் திரளுவார்கள். அவர்கள் நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி மலை இல்லாததால் 842 மீட்டர் அவர்களுக்கு இமயம். பனி பெய்ய மறந்தால், நீரைத் தூவி உறையவைக்கும் இயந்திரங்கள் அக்குறையை நிரப்புகின்றன. அப்போது கடைப்பிடிக்கப்படும் உடைமுறைக்கு ‘வெங்காய நெறி’ என்று பெயர். தோல்மேல் தோலாகச் சட்டைகளை அணிந்து, ஏற ஏற ஒவ்வொன்றாக உரிப்பதே அந்நெறி. வசந்தத்தில், இயேசு விண்ணேறிய நாளான வியாழனன்று ஆண்கள் கூட்டமாகக் கைவண்டியில் பீர் ஏற்றி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மாலையில் யார் வண்டியை இழுக்கிறார், வண்டி யாரை இழுக்கிறது என்று சொல்லுவது கடினம்.

கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பிக்கே, மோனே ஆகிய நீர்த்தேக்கங்களில் நீந்துவார்கள். ஆனால் செமோர்ப் பக்கம் உலு செப்போர் அருவிக்கரையில் மூன்று கல் கூட்டிக் கோழிக்கறி வைக்கும் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கவும் முடியாது. காட்டுக்கு 100 மீட்டருக்குள் தீ மூட்டுவது குற்றம், மார்ச் முதல் அக்டோபர் வரை காட்டில் புகைப்பதும் குற்றம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இவ்வாறே தேசிய உணவாயின போலும். செமோர் அட்டைக்கு ஈடாகப் புல்லில் உண்ணி காத்திருக்கிறது; அட்டை குடித்துவிட்டு விழுந்துவிடும், உண்ணியோ குடியிருந்து நோயும் தந்துவிட்டுப் போகும் என்பதால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு முதல் காதுமடல் வரை தேடுவது நடையின் கடைசிக் கட்டம்.

இக்காட்டைப் பற்றிய முதன்மையான செய்தி இனிமேல்தான் வருகிறது. இயற்கையின் மடி என்று கொண்டாடப்படும் இது பெரும்பாலும் நட்ட காடு. பழைய பீச் மரக் காடுகள் கரிச்சூளைக்கும் இரும்பாலைக்கும் வெட்டுண்டபின், 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ஆட்சியினர் விரைந்து வளரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நிரை நிரையாக நட்டார்கள். ஆகவே அதை இன்னும் ‘பிரஷ்ய மரம்’ என்று சொல்லுகிறார்கள். 2007 ஜனவரியில் கிரில் என்ற சூறாவளி அவற்றைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. 2018இலிருந்து வந்த வறட்சி, எஞ்சியவற்றைப் பட்டைவண்டுக்கு இரையாக்கிற்று. காய்ந்த மரத்தின் பட்டையை உரித்துப் பார்த்தால், நடுவே ஒரு நெடுங்கோடும் இருபுறமும் வரிவரியான சிறு சுரங்கங்களும் அச்சிட்ட பக்கம்போல் தெரியும். அரை சென்டிமீட்டர் அளவே உள்ள அவ்வண்டுக்கு ‘நூல் அச்சடிப்பவன்’ என்று பெயர் வந்தது அதனால்தான். நலமான மரம் பிசின் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும், நீரில்லாத மரத்துக்குப் பிசின் ஊறாது. வறட்சியில் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், பால் அடிமட்டத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்த பெரியப்பாவுக்கு இதை விளக்க வனத்துறை அதிகாரி தேவையில்லை.

ஆக, இரண்டு ஊரிலும் நிரை நிரையாக நட்ட தோட்டமே; நடந்தவர்களும் இரண்டு ஊரிலும் உண்டு. ஒன்றில் காலை வேளை துரைக்குச் சொந்தமாயிருந்தது, மற்றதில் அது நடப்பவருக்கே சொந்தம் என்பதுதான் இடையிலுள்ள தூரம். வரும் கோடையில் பெரியப்பா இங்கு வந்தால், பெரட்டு இல்லை, வாளி இல்லை, எட்டு மணி வரை தூங்கலாம். மரம் கண்டதும் கை தானாகப் பட்டையைத் தடவினாலும் பாதகமில்லை, வெட்டுக்கத்தியை மட்டும் செமோரிலேயே வைத்துவிட்டு வரவும்.