கபிலுக்கு ஒரு நியாயம்

1994 பிப்ரவரியில் கபில் தேவுக்கு வயது 35. நாகர்கோவிலில் கல்லூரிப் பையன்களாகத் திரிந்த நாங்கள் அவரைக் கிழவன் என்றுதான் சொன்னோம். ஜேம்ஸ் ஆண்டர்சன் 41 வயதுவரை ஓடிவந்து பந்து போட்டு, 704 விக்கெட் எடுத்து, அதுவும் இங்கிலாந்துக்காரர்கள் போகச் சொன்ன பிறகுதான் போனார். அப்படியெல்லாம் நடக்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

கபில் 400வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது 1992 பிப்ரவரியில், பெர்த்தில். ரிச்சர்ட் ஹாட்லியின் சாதனையான 431ஐத் தாண்ட அதன்பின் சரியாக இரண்டு வருஷம் ஆயிற்று. ஹாட்லிக்கு 86 டெஸ்ட் போதுமானதாக இருந்தது. கபில் 130வது டெஸ்டுக்கு வந்திருந்தார். பந்து வெளியே வளையும், ஆனால் கடிக்காது. ஓட்டம் பழைய ஓட்டம்தான், கை பழைய கைதான், பந்து மட்டும் எங்கேயோ வழியில் இளைப்பாறிவிட்டு வந்தது. "பந்து அந்தப் பக்கம் போய்ச் சேருகதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிரலாம் வே" என்று வடசேரி சாயாக்கடையில் ஒருவர் சொன்னார். கடையில் இருந்த பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் அவரை அடிக்கப் போனார்கள்.

ஹாட்லியைத் தாண்டிய அந்த இலங்கைத் தொடரின் விசேஷம், இந்தியா ஜெயிக்க கபில் தேவைப்படவில்லை என்பது. லக்னோ, பெங்களூர், அகமதாபாத் மூன்றிலும் இன்னிங்ஸ் வெற்றி. கும்ப்ளேயும் ராஜுவும் சௌகானும் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். ஜெயிப்போமா என்ற கவலை இல்லாத நாட்டுக்கு ஒரு கவலை வேண்டுமல்லவா? அது கபிலின் கணக்காக இருந்தது. பெங்களூரில் 431 வந்து நின்றுவிட்டது. பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை, அகமதாபாத். மணிமேடைப் பக்கத்து டிவி கடைக் கண்ணாடிக்கு வெளியே, வகுப்பை விட்டுவிட்டு வந்த நாங்களும் கடையைப் பூட்டாமலே வந்த வியாபாரிகளும் நின்றிருந்தோம். ஹஷன் திலகரத்ன ஷார்ட் லெக்கில் நின்ற மஞ்ச்ரேக்கர் கையில் கொடுத்தார். 432 பலூன் பறந்தன. கபிலைப் புகழ்ந்து ஒரு இந்திப் பாட்டை தூர்தர்ஷன் ஒலிபரப்பியது. ஒரு வார்த்தை புரியாமல் நாங்கள் கைதட்டினோம். கோட்டாற்று மாமா கூட்டத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் எனக்க கணக்குல சாயா" என்றார். மாமாவுக்குப் பலசரக்குக் கடை. கடன் சொல்லி யாரும் தப்ப முடியாத கடை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததற்கு இன்றும் கோட்டாற்றில் ஆதாரம் கேட்பார்கள்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. ஜவகல் ஸ்ரீநாத் என்று ஒரு பையன் 1991 நவம்பரிலிருந்து இந்திய டெஸ்ட் அணியில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஆடினார், தென்னாப்பிரிக்காவில் ஆடினார். உள்ளூரில் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள், ஊருக்கு வந்ததும் உட்காரவைப்பார்கள். கபில் ஓய்வை அறிவித்த 1994 நவம்பரில்தான் மும்பையில் அவருக்கு முதல் உள்ளூர் டெஸ்ட் கிடைத்தது. அந்த மூன்று வருஷத்தில் ஸ்ரீநாத் எத்தனை விக்கெட் எடுத்திருப்பார் என்பதைச் சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. இதை நான் மாமாவிடம் கேட்டேன்.

"175 அடிச்சவம்லே அவன்" என்றார் மாமா.

பந்துவீச்சைப் பற்றிக் கேட்டால் பேட்டிங்கைச் சொல்வது கபில் பக்தர்களின் வழக்கமான தந்திரம். ஆனால் அந்த 175 சாதாரண 175 இல்லை. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக. 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து ஆட்டமிழக்காமல் எடுத்தது. அன்று பிபிசியில் வேலைநிறுத்தம். கேமரா வரவில்லை, படம் இல்லை. மைதானத்தில் இருந்த சில ஆயிரம் பேரைத் தவிர உலகத்தில் ஒருவரும் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மாமா பார்த்திருக்கிறார். அன்று அவர் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார் என்று அத்தை சொல்வாள், இருந்தும் ஆறு சிக்ஸரும் எந்தெந்தத் திசைக்குப் போயின என்று மாமாவுக்குத் தெரியும். குளித்துக்கொண்டிருந்த கபில் சோப்பு நுரை காதில் காயாமல் பேட்டோடு இறங்கியதை அவர் சொல்லும்போது எங்களுக்கே கண்ணில் எரியும்.

இதே மாமா ஒரு சர்வதேச ஆட்டத்தை நேரில் பார்த்தவர். 1988 ஜனவரி 25. திருவனந்தபுரம் பல்கலைக்கழக மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸோடு ஒருநாள் ஆட்டம். விடியுமுன் பஸ் ஏறி, மார்த்தாண்டம் தாண்டி, பாறசாலை தாண்டிப் போய், வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். நம் ஸ்ரீகாந்த் 101 அடித்தார். தமிழ்நாட்டுக்காரன், அதிரடிக்காரன், கண் முன்னால் செஞ்சுரி. பிறகு பில் சிம்மன்ஸும் செஞ்சுரி போட்டு, வெஸ்ட் இண்டீஸ் ஒன்பது விக்கெட்டில் ஜெயித்துவிட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி மாமாவிடம் கேட்டால் இரண்டே வாக்கியம்: "வெயிலு கொன்னுட்டு. தண்ணி ஒரு சொட்டு கிடைக்கல்ல."

அடுத்த வருஷக் கடைசியில் ஸ்ரீகாந்த் தலைவராக பாகிஸ்தான் போனார். பதினாறு வயது சச்சின் அறிமுகமான தொடர் அது. இம்ரான் அணியோடு நான்கு டெஸ்டையும் டிரா செய்து, தோற்காமல் திரும்பினார். அவர் பேட்டில் மட்டும் ரன் இல்லை. தலைமையும் போனது, அணியில் இடமும் போனது. சென்னைக்காரர்கள் கொதித்தார்கள். மாமாவோ, "ரன்னு அடிக்காதவனை வச்சு என்னவே செய்யது? பொங்கல் வைக்கவா?" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் நேரில் பார்த்த 101 அவர் வாயில் வரவே இல்லை.

தேர்வாளர்களும் அப்போது அப்படி ஒன்றும் இளகிய மனசுக்காரர்கள் இல்லை. கபிலையே 1984 டிசம்பரில் டெல்லியில் ஆடிய ஒரு பொறுப்பற்ற ஷாட்டுக்காக அடுத்த கல்கத்தா டெஸ்டில் வெளியே வைத்தார்கள். அவர் ஆடிய காலத்தில் தவறவிட்ட ஒரே டெஸ்ட் அதுதான். உச்சத்தில் இருந்த 25 வயசுக்காரனிடம் ஒரு ஷாட் பொறுக்காதவர்கள், 35 வயசுக்காரருக்காக விக்கெட் விக்கெட்டாகக் காத்திருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்றால், படம் இல்லாத ஒரு ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது.

எங்கள் தெரு அணியிலும் இது உண்டு. எஸ்.எல்.பி. பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் அணி. முதல் ஓவர் போடுவது ஒரு அண்ணன். தொப்பை முன்னால் ஓடிவரும், அண்ணன் பின்னால் வருவார், பந்து அதற்கும் பின்னால். ஆனால் எங்கள் காலத்துக்கு முந்தி ஸ்காட் கல்லூரி மைதானத்தில் அவர் ஒரே ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்தாராம். யார் பார்த்தது? எங்களில் யாரும் இல்லை. எதிரணி எது என்பதில் கூட இரண்டு பாடம் உண்டு; ஒன்றில் மார்த்தாண்டம், இன்னொன்றில் தூத்துக்குடி. ஏழு என்பதில் மட்டும் பாடபேதம் கிடையாது. அந்த ஏழின் பலத்தில் அவர் எங்கள் இளமை முழுவதும் புதுப்பந்தைக் கையில் வைத்திருந்தார். நல்ல வேகம் உள்ள ஒரு பையன் எல்லையில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தான். ஸ்டம்பும் பேடும் அண்ணன் வீட்டில் இருந்தன என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

2011 மார்ச்சில் 99வது சர்வதேச செஞ்சுரி அடித்த சச்சின், 100வதுக்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டதையும், மிர்பூரில் அது வந்த அன்று பங்களாதேஷிடம் தோற்றதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. அதில் ஊர் மொத்தமும் ஒரே கட்சி. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத விஷயத்தில் ருசி இல்லை.

இப்போதுதான் ருசி. மாமாவுக்கு எழுபதைத் தாண்டி வெகுநாள் ஆயிற்று. கடை மகனிடம், கையில் பேரன் வாங்கித் தந்த போன். 2025 புத்தாண்டு வாக்கில் ஆஸ்திரேலியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே உள்ளூரில் நியூசிலாந்திடம் 3-0 வாங்கியிருந்தோம். பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு அஸ்வின் 537 விக்கெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தொடரின் நடுவிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருக்காக யாரும் பலூன் ஊதவில்லை. தலைவர் ரோகித் சர்மாவின் கணக்கை மாமா விரல் விட்டுச் சொன்னார்: "மூணு, ஆறு, பத்து, மூணு, ஒம்பது. இது ஸ்கோரா வே, கேரளா லாட்டரி நம்பரா? நம்ம அஸ்வினை வெளிய இருத்தினானுவளே, இவனுக்கு என்ன?"

ஐந்து இன்னிங்ஸ், 31 ரன். மாமா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் எனக்கு இப்போது அன்றைய மாமாவின் வயசைவிட அதிகம். அந்த வயசுக்கென்று சில கடமைகள் இருக்கின்றன. "மாமா, 264 அடிச்சவர்லா" என்றேன்.

உடனே போனை எடுத்தார். ஒரு நிமிஷத்தில் 2014 நவம்பர் 13 ஈடன் கார்டன்ஸ் எங்கள் முன்னால் வந்துவிட்டது. சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் ஒரு மனுஷன் இதுவரை அடித்த அதிகபட்ச ரன். மாமா அதையெல்லாம் தள்ளித் தள்ளிப் போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். ரோகித் நான்கு ரன்னில் இருக்கிறார். தேர்ட்மேனில் பந்து போகிறது. திசர பெரேரா கேட்சை விடுகிறார்.

"கண்டேரா? அந்தக் கேட்சைப் பிடிச்சிருந்தாம்னா? நாலு ரன்னு. அம்புட்டுத்தான்."

டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபிலுக்கு யாராவது கேட்ச் விட்டார்களா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் எந்தத் திசையிலும் விடவில்லை என்று சாட்சியம் சொல்வார். ரோகித்தின் துரதிர்ஷ்டம் அவர் எல்லாவற்றையும் கேமராவுக்கு முன்னால் செய்ததுதான். 264 எப்போதும் சட்டைப்பையில் கிடக்கிறது. வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம், அதனால் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதே பையில் கம்மின்ஸ் பந்தில் அவர் தடுமாறுவதும் கிடக்கிறது, அது தானாகவே எழுந்து வந்து காட்டிக்கொள்கிறது. கோலி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேட்டை நீட்டியதை அந்தத் தொடர் முழுக்க ஊரே திரும்பத் திரும்பப் பார்த்தது. இப்போதெல்லாம் நாகர்கோவிலில் பையன்கள் வாடகை டர்ஃபில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். ஒருவன் ஒரு ஓவரில் நான்கு சிக்ஸர் வாங்கினால் அவன் வீடு போய்ச் சேரும் முன் வீடியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் அண்ணன் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டியிருக்க மாட்டார்.

சிட்னி டெஸ்டில் ரோகித் தானே ஒதுங்கிக்கொண்டார். பும்ரா தலைமை தாங்கினார். ஓய்வு இல்லை, இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் என்று ரோகித் ஆட்டத்தின் நடுவில் பேட்டியும் கொடுத்தார். மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் 76 அடித்துக் கோப்பையும் வாங்கித் தந்தார். மே 7 அன்று டெஸ்டிலிருந்து ஓய்வு. ஐந்து நாளில் கோலியும். அக்டோபரில் ஒருநாள் தலைமையும் ரோகித்திடமிருந்து சுப்மன் கில்லுக்குப் போனது. மாமா ஒவ்வொன்றுக்கும் "நல்லது" என்றார். 432க்கு சாயா வாங்கித் தந்த கைதான், மெல்ல ஆட்டிக்காட்டியது.

பிறகு அக்டோபர் 25, சனிக்கிழமை, சிட்னியில் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். ரோகித் ஆட்டமிழக்காமல் 121, கோலி ஆட்டமிழக்காமல் 74, இந்தியாவுக்கு ஒன்பது விக்கெட் வெற்றி. தொடர் ஏற்கனவே போய்விட்டிருந்தது என்பது வேறு. மாமா அன்று சுசீந்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். போனில் சார்ஜ் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் ஸ்கோரே தெரியும். மறுநாள் சாயாக்கடைக்கு நான் போனபோது மாமாவைச் சுற்றி நாலைந்து பேர். ஹேசல்வுட் போட்ட பந்தை ரோகித் எப்படி முட்டி மடக்காமல் நின்று தூக்கினார், பந்து எந்தக் கேலரியின் எத்தனையாவது படியில் விழுந்தது என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

"2027 உலகக் கோப்பை வரும்போது அவருக்கு நாப்பது ஆயிரும் மாமா" என்றேன்.

"நாப்பதெல்லாம் ஒரு வயசா வே?" என்றார் மாமா. "இரும், அந்த ஆடம் சாம்பாவை அடிச்சதைச் சொல்லுகேன்."