களாக்காய் பழமாகாத வரலாறு: ஒரு முதற்கட்ட ஆய்வு

பிஞ்சு காயாவதும் காய் பழமாவதும் தமிழில் முறையான பதவி உயர்வு. மாங்காய் நிறம் மாறிய மறுநாளே மாம்பழம் என்று அழைக்கப்படுகிறது, யாரும் ஆட்சேபிப்பதில்லை. களாவுக்கு மட்டும் இந்த உயர்வு வந்து சேரவில்லை. கருகருவென்று கனிந்து, தொட்டால் நசுங்கும் நிலையிலும் சந்தையில் அது ‘களாக்கா’தான். சில ஊர்களில் ‘கிளாக்கா’. (ஈற்று ‘ய்’ எங்கே போனது என்பது தனி ஆய்வுக்குரியது, நிதி கிடைத்தால் செய்யலாம்.) ஆடு மேய்ப்பவர்கள் களாப்பழம் என்று சொல்வதுண்டு. அவர்கள் செடியிலிருந்தே பறித்துத் தின்பவர்கள். சந்தைப் பெயருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

ஆய்வுப் பொருளை முதலில் அறிமுகம் செய்ய வேண்டும். வேலியோரத்துப் பெருங்களா, கரட்டுக் காட்டுச் சிறுகளா என்று இரண்டு உண்டு. இரண்டிலும் முள், வெள்ளைப் பூ, கிள்ளினால் பால். அரளிக்கும் எருக்குக்கும் இவை பங்காளிகள். பெருங்களாவுக்கு லின்னேயஸ் 1767இல் ‘கரிசா கரண்டாஸ்’ என்று பெயர் சூட்டினார். இந்தியாவுக்கே வராதவர், களாமுள் குத்தாமல் களாவுக்குப் பெயர் வைக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

பழம் என்ற பட்டம் ஏன் மறுக்கப்பட்டது? புளிப்பே காரணம் என்பது முதல் கருதுகோள். நெல்லிக்காய் இதற்கு ஆதரவாகச் சாட்சி சொல்கிறது. ஆனால் இலந்தைப்பழம் புளித்துக்கொண்டே பழமாக இருக்கிறது. கருதுகோள் அங்கேயே விழுந்தது.

இரண்டாவது கருதுகோள் வலுவானது: ஊறுகாய் ஜாடிக்குப் போகவிருப்பது எதுவோ அது காய். எலுமிச்சம்பழத்தைக் காட்டி இதை மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தே இருந்தேன். எலுமிச்சம்பழ ஊறுகாய் என்று யாராவது சொல்கிறார்களா? எலுமிச்சை ஊறுகாய்தான். ஜாடிக்குள் இறங்குமுன் அது தன் பழத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிடுகிறது.

வரலாற்றுச் சான்றும் களாவுக்குச் சாதகமாக இல்லை. புறநானூற்றின் 177ஆம் பாட்டில், புளிப்பைத் தேடும் சிவந்த கண் ஆடவர் களாவையும் துடரியையும் தின்கிறார்கள். அது சலித்ததும் ஆற்று மணல்மேட்டில் ஏறி நாவலைக் கொய்து உண்கிறார்கள். பாடியவர் ஆவூர் மூலங்கிழார். நாவலுக்குக் கனி என்ற மரியாதையைக் கொடுத்தவர், களாவை வெறும் களாவாகவே விட்டுவிட்டார். இந்த ஓரவஞ்சனையை உரையாசிரியர்கள் எவரும் கண்டித்ததாகத் தெரியவில்லை.

1563இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில் கார்சியா த ஒர்த்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் களாவை ஏலக்காயோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தார். காரணம் கேட்பவர்கள் ஏலக்காயின் ஈற்றைக் கவனிக்கவும்: அதுவும் ஆயுளுக்கும் காய். ஒர்த்தாவுக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடப் பலவீனமான சான்று வேறில்லை. ஆகவே இதையே வைத்துக்கொள்கிறேன். மராட்டியர்கள் பெருந்தன்மையானவர்கள். காயா பழமா என்ற வழக்கையே எடுக்காமல் ‘மலையின் கறுப்பு மைனா’ என்று கூவி விற்கிறார்கள். கடித்துப் பார்த்து உள்ளே சிவப்பென்றால் சேவல், வெளுப்பென்றால் கோழி என்று அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். பறவையியல் நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு ஒரு பேக்கரியில் கிடைத்தது. பிறந்தநாள் கேக்கின் உச்சியிலும் பீடாவின் நெற்றியிலும் பளபளக்கும் ‘செர்ரி’ பெரும்பாலும் களாக்காயேதான். பழுக்காத காயை உப்புநீரில் ஊறவைத்து, விதை நீக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் நாள்கணக்கில் கிடத்தினால் செர்ரி தயார். ஆக, பழுத்தும் பழமாகாதது பழுக்காமலேயே பழமாகிவிட்டது, அதுவும் வெளிநாட்டுப் பழமாக! செடியில் காத்திருந்து கனிந்தவற்றுக்கு இது எவ்வளவு மனவேதனை தரும் என்பதை அளக்கக் கருவி இல்லை. தாவரவியல் கணக்கோ இதற்கு நேர்மாறு: அசல் செர்ரிக்குள் கொட்டை இருப்பதால் அது ‘பெர்ரி’ ஆகாது, களா இலக்கணம் வழுவாத பெர்ரி.

இந்த முடிவைப் பேக்கரிக்காரரிடம் எடுத்துரைத்தேன். “செர்ரி வேண்டாம்னா எடுத்துட்டுத் தர்றேன் சார், விலை அதேதான்” என்றார். பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் செர்ரி. பின்பக்கம், உள்ளடக்கப் பட்டியலில், எறும்பளவு எழுத்தில் ‘கரோண்டா’ என்று இந்திப் பெயர். களாக்காய் என்று அச்சிட்ட செர்ரி பாக்கெட் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பி உதவலாம். காலி பாக்கெட்டானாலும் போதும்.