குத்தாத டாக்டரு என்ன டாக்டரு?

மருமவனே, ஒடம்புக்கு முடியலன்னா யாருட்ட போவணும்னு கேட்ட பாத்தியா, புத்திசாலி நீ. டாக்டரு என்ன படிச்சிருக்காருன்னு பாக்கப்படாது. ஊசி போடுதாரான்னு பாக்கணும். ‘வைரஸ் காச்சல்தான், கஞ்சியக் குடிச்சிட்டுப் படுங்க, மூணு நாளைக்கு மேல போனா ரத்தம் பாக்கலாம்’னு வெறும் மாத்திரையோட அனுப்புறவரு நமக்குத் தோதுப்பட மாட்டாரு. பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தவனுக்கு ஒரு குத்துகூட இல்லைன்னா எப்படி? அடுத்த தெருவுல குத்துறவரு இருக்காரு, அங்க போ. காச்சல் எறங்க வேண்டிய நாளுல எறங்கும். பேரு ஊசிக்கு.

ஊசியவிட ஒசத்தி குளுக்கோஸ் பாட்டிலு. சாதாரணமா ஏத்துற அரை லிட்டருல 25 கிராம் சீனி இருக்கு. டீக்கடையில ரெண்டு மூணு கிளாஸுல நீ கரைக்கிற சீனிதான். வாயால குடிக்க முடியிற ஆளுக்கு அத எதுக்குக் கை வழியா ஏத்தணும்னு கேக்காத. டீ குடிக்கிறவன யாராச்சும் ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாப்பாங்களா?

சீனி வியாதி, பிரசர் ரெண்டையும் விட்டுத் தள்ளு. வலிக்காதது வியாதியா? 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு கவர்மெண்டு தொடங்கி வச்சதுலருந்து மாத்திரை வீடு தேடி வருது. மாத்திரை கொண்டு வர்ற பொம்பளப்புள்ள வெயில்ல நடந்து வந்து கதவத் தட்டும். வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால போட்டு வையி. சும்மா வந்த மெட்பார்மின் எப்படிக் கேக்கும்? காசு குடுத்து வாங்குனா அதே மெட்பார்மின் பிரமாதமாக் கேக்கும்!

டெஸ்ட் எடுக்கப் போறியா? ரெண்டு நாளு வாயக் கட்டு. ‘நார்மல்’னு வந்த சீட்ட டீக்கடை வரைக்கும் காட்டிட்டு, மாத்திரைய நிறுத்திப்புடு. மாத்திரையாலதான் நார்மல் ஆச்சோன்னு மட்டும் யோசிச்சிராத. ஒரே ஒரு சூதானம்: எச்பிஏ1சி-ன்னு ஒண்ணு இருக்கு. ரத்தச் சிவப்பணுவுல ஒட்டிக் கெடக்க சீனிய வச்சு, ரெண்டு மூணு மாசமா நீ தின்ன கதையப் பூராம் சொல்லிப்புடும். உன் ரெண்டு நாள் விரதத்துக்கு மசியாத கோள்மூட்டி அது.

சீனிய இப்படியே விட்டா, பெறவு கால் மரத்துப் போகும். முள்ளு குத்துனாலும் தெரியாது. என்ன வசதி! எங்க மேலத்தெருவுல ஒருத்தரு அப்படித்தான் ஆணி ஏறுன காலோட கோயில் கொடைக்கு நாள் பூரா அலைஞ்சாரு. புண்ணு நாறித்தான் வீட்டுக்கே தெரிஞ்சுது. கட்டைவிரல எடுத்தாச்சு. இப்ப மாத்திரைய மணி தவறாமத் திங்காரு.

நான் கெழவன், பேசிக்கிட்டே கெடப்பேன். அந்தப் புள்ள அடுத்தவாட்டி தட்டுனா கதவத் தொற. பிரசர் பாக்கக் கைய நீட்டு, காலையும் காட்டு. மாத்திரைய அது முன்னாலயே முழுங்கு. அது தெருவத் தாண்டுன பெறவு கவர்மெண்டப் பத்திக் கொறை சொல்லு, நானும் கூட உக்காந்து சொல்லுதேன்.