வந்தே பாரத் வாத்தியார்

நாட்டின் எந்த மூலையில் புது ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டினாலும், மேல்சித்தாமூர் டீக்கடை பெஞ்சில் எங்கள் ரிட்டையர்டு வாத்தியாருக்கு அன்றைக்குத் தீபாவளி. "2019 பிப்ரவரி 15, டெல்லி டு வாரணாசி. முதல் வந்தே பாரத்தைச் செஞ்சது யாரு? நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்!" என்பார், போல்ட்டெல்லாம் தானே முடுக்கிய தோரணையில். டீக்காசு மட்டும் கேட்கிறவன் தலையில்.

புது ரயில் வந்தால் நமக்கென்ன என்று அவரிடம் கேட்டுவிடக்கூடாது. உடனே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்தில் டைம்டேபிள் போட ஆரம்பித்துவிடுவார். மேல்சித்தாமூர் புறப்பாடு காலை 5.40, திண்டிவனம் 6.05, எழும்பூர் 7.30. தண்டவாளம்? அது ரயில்வேயின் வேலை. நேரம் குறிப்பது இவர் வேலை.

வல்லத்துப் பால்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "எங்க ஊரு எங்க சார் காணோம்?" என்று கேட்டார். "கண்ட ஊர்லயும் நின்னா அது எக்ஸ்பிரஸாய்யா?" என்றார் வாத்தியார். வார்த்தை தடித்தது. வாத்தியார் வீட்டுக்கு ஊற்றும் பாலில் தண்ணீர் கூடியது. வீட்டம்மா விசாரித்து, விஷயம் தெரிந்து, "இல்லாத ரயிலுக்கு இருக்கிற பாலைக் கெடுத்துக்கிட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் வாத்தியார் இறங்கிவந்தார். "சரி, வல்லத்துல ஒரு நிமிஷம். அதுக்கு மேல கேட்கக்கூடாது." பால்காரரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

2025 ஏப்ரலில் சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் ஏ.சி. மின்சார ரயில் விட்டார்கள். குறைந்த கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. "செங்கல்பட்டு வரைக்கும் வந்துடுச்சுல்ல? அடுத்தது மேல்மருவத்தூர், திண்டிவனம், அப்புறம் நாமதான்!" பத்திரிகையில் 5.40-ஐ அடித்து 5.30 ஆக்கினார். ஏ.சி.க்குக் கதவு மூட நேரம் வேண்டுமாம். பூந்தமல்லியில் டிரைவர் இல்லாத மெட்ரோவைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தபோது மட்டும், பஸ்ஸுக்குக் காத்திருந்த காலேஜ் பையன் குறுக்கே விழுந்தான். "நமக்கு டிரைவர் இருந்தும் பஸ் வரலியே, சார்?" வாத்தியாருக்குக் காது கேட்கவில்லை.

திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கியதும், இஸ்திரி போட்ட சட்டையோடு திண்டிவனம் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். அந்த வண்டி தாம்பரம் விட்டால் விழுப்புரத்தில்தான் நிற்கும். பிளாட்பாரத்துப் புழுதியைச் சட்டையில் வாரி இறைத்துவிட்டுப் போனது. கடைசிப் பெட்டி மறைகிறவரை கையாட்டிக்கொண்டே இருந்தாராம். திரும்பி வரப் பஸ் கிடைக்காமல், செங்கல் ஏற்றி வந்த டிராக்டரில் தொற்றி ராத்திரி ஊர் சேர்ந்தார். "என்ன ஒரு ஸ்மூத்து, தெரியுமா!" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மனுஷன் பேராசைக்காரர் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07லேயே அனுமதி கொடுத்தவர்கள் டெல்லிக்காரர்கள்தானே? அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயசைத் தாண்டிவிட்டார்கள். இடையில் ஒரு பட்ஜெட்டில் இந்தப் பாதைக்குப் பேருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு முறை டாக்ஸியில் போய்வர முடியுமா என்பதே சந்தேகம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் எங்கள் ஊரில் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இரண்டையும் பார்க்க வருகிறவர் ரயிலை நம்பினால் திண்டிவனத்தோடு சரி. புதுப் பெட்டியில் சீட்டு சுழல்கிறதா, கதவு தானாக மூடுகிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் பாதையைப் போடுங்கள், அய்யா.

மேல்சித்தாமூர் பக்கம் வந்தால் அவசியம் அவரைப் பாருங்கள், நல்ல மனுஷர். திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.