ஆளைப் படிக்கும் வகுப்பு

மனிதர்களைப் படிக்கக் கற்றுத்தருகிறோம் என்று இப்போது தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்பு. கை கட்டி உட்கார்ந்தால் எதையோ மறைக்கிறான். மூக்கைச் சொறிந்தால் பொய் சொல்கிறான். வகுப்பு நடப்பதோ ஏ.சி. அறையில். குளிருக்குக் கை கட்டியவன் கதி அதோகதி. ஜலதோஷக்காரன் ஜென்மத்துக்கும் பொய்யன்தான்.

ஆளைப் படித்துவிட்டதாக நம்பவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு, இதுதான் உன் குணம் என்று ஆளுக்கொரு தாளை நீட்டி, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பாலும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து உருவியது. வெளியில் கட்டுப்பாடானவர், உள்ளுக்குள் கவலைப்படுபவர் என்கிற ரகம். இதில் அடங்காத ஆள் ஊரில் யார்? (நம் வார ராசிபலன்காரர் பாவம், மார்க்கூடக் கேட்பதில்லை.)

ஆளைப் படிப்பது நமக்குப் புதிதும் அல்ல. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: அரசவைக்கு 71, காதலுக்கு 110. வள்ளுவர் அதற்குச் சான்றிதழ் கொடுத்ததாகவோ கட்டணம் வசூலித்ததாகவோ தகவல் இல்லை.